பச்சை வேறு, நெல் வேறு

பொங்கலை ஒட்டி எடுத்த துணைக்கோள் படம் ஒன்றில் திருவாரூர் மாவட்டத்தைப் பார்த்தால், ஒரே கிராமத்துக்குள் இரண்டு நிறம் தெரியும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மஞ்சள் ஓடிய வயல்கள். அந்தப் பக்கம் கரும்பச்சை. பயிர் வரைபடத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மஞ்சளைக் கண்டதும் ‘பாதிப்பு’ என்று குறித்துவிடுவார்கள். நேரில் போய்ப் பார்த்தால் அந்த மஞ்சள் வயலில் ஆடுதுறை 46 முற்றித் தலைசாய்ந்து, அறுப்பு மெஷினுக்காகக் காத்திருக்கும். 135 நாள் ரகம். ஆகஸ்ட் கடைசியில் நாற்று விட்டது. பச்சையாகத் தெரிவது சி.ஆர். 1009. காவிரி டெல்டாக்காரர்களுக்குப் பொன்மணி. 155 நாளுக்கு மேல் வாங்கும் ரகம், அதுவும் பிந்தி விட்டது. கதிருக்குள் இன்னும் பால்தான் இருக்கும். படத்தில் மோசமாகத் தெரிந்தது நல்ல மகசூல். நன்றாகத் தெரிந்ததன் கதி இனிமேல்தான் தெரியவேண்டும்.

அதனால்தான் இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு பெண் நிபுணர், யாருடைய வரைபடத்தை வாங்கிப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒன்றையே: “எப்போ நட்டாங்க?” மன்னார்குடிப் பக்கம் பிறந்து, வேளாண்மை படித்து, புவித் தகவல் முறைமையைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர். விளைநிலத்தின் நிலையையும் விளைதிறனையும் கணினித் திரையில் அளந்து, பிறகு அதே வயலின் வரப்பில் நின்று சரிபார்ப்பது அவர் வேலை. இந்த வேலையில் துணைக்கோளைவிட, மென்பொருளைவிட, நடவுத் தேதிக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது அவருடைய உறுதியான கருத்து. தேதி தெரியாமல் இரண்டு வயல்களை ஒப்பிடுவது, வயது தெரியாமல் இரண்டு பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிடுவதற்குச் சமம் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்.

இந்தத் தொழிலுக்கு நம் பக்கத்தில் நல்ல பூர்வீகம் உண்டு. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தந்தை என்று போற்றப்படும் பிஷாரடி, கேரளத்தின் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஹெலிகாப்டரில் கேமராவை அனுப்பினார். அகச்சிவப்பு ஒளியைப் பதிகிற பிலிமில் தென்னை வேர்வாடல் நோயைப் படம் பிடிப்பது நோக்கம். நலமான மட்டை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். நோய் கண்ட மட்டை குறைவாக அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் பிலிமில் விழுந்தது. இன்று உலகம் முழுவதும் புழங்கும் பசுமைக் குறியீடான என்.டி.வி.ஐ. இதே உண்மையின் மேல்தான் நிற்கிறது: இலை சிவப்பு ஒளியை விழுங்கும், அகச்சிவப்பைத் திருப்பி வீசும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். வெறும் மண்ணில் அது பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்; தூர் கட்டி மூடிய நெல் வயலில் 0.7, 0.8 என்று ஏறும்.

எண் சரி. அது எவ்வளவு நிலத்துக்கான எண் என்பதில்தான் சிக்கல். தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரத்தில் நிலத்தை மாவில் பேசுவார்கள். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. 1988-இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ துணைக்கோளின் முதல் கேமராவுக்கு ஒரு பிக்சல் 72.5 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு புள்ளிக்குள் ஏறக்குறைய நான்கு மா அடங்கிவிடும். நாலு பேருடைய வயல் ஒரே நிறமாக வந்து நிற்கும். அமெரிக்காவின் லேண்ட்சாட் துணைக்கோளின் 30 மீட்டர் பிக்சலில் ஒரு மாவுக்கு ஒன்றரைப் புள்ளி. ஐரோப்பாவின் சென்டினல்-2 வந்த பிறகு, அதாவது 2015-க்குப் பின், பிக்சல் 10 மீட்டருக்கு இறங்கியது. ஒரு புள்ளி இரண்டரை சென்ட். ஒரு மாவுக்குப் பதின்மூன்று புள்ளிகள்.

பதின்மூன்றும் அப்படியே பயன்படாது. வரப்பில் விழுகிற புள்ளியில் பாதி நெல், பாதி புல், ஓரத்தில் தென்னை நிழல் என்று கலந்திருக்கும். அவற்றைக் கழித்தால் பாதிதான் தேறும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரிக் கைவசம் 0.75 ஹெக்டேர், அதுவும் ஒரே துண்டாக இருப்பது அபூர்வம். அமெரிக்கச் சமவெளியின் நூற்றுக்கணக்கான ஏக்கர் கோதுமை வயலுக்காக எழுதப்பட்ட முறையை இங்கே அப்படியே இறக்கினால், விடையில் பாதி வரப்பைப் பற்றியதாக இருக்கும். அதனால் அவர் ஒவ்வொரு வயலின் எல்லையையும் சில மீட்டர் உள்ளே தள்ளி வரைந்த பிறகுதான் கணக்கெடுப்பார். பொறுமையைச் சோதிக்கிற வேலை. அதை விட்டுவிட்டுச் செய்த வரைபடத்தை அவர் கையில் எடுப்பதில்லை.

எல்லைக் கோடு எங்கிருந்து வருகிறது? வருவாய்த் துறையின் புலப்படத்திலிருந்து. சங்கிலி பிடித்து அளந்து, முக்கோணமாகப் பிரித்து, தாளில் வரைந்த அந்தப் படங்கள் ஒவ்வொரு புலத்துக்குள்ளும் துல்லியமானவை. நூறு புலங்களை ஒட்டிக் கிராமமாக்கி, துணைக்கோள் படத்தின் மேல் போட்டால் ஒரு மூலை பொருந்தும், மறுமூலை வாய்க்காலுக்குள் போய் நிற்கும். தாள் சுருங்கியிருக்கும், வாய்க்கால் கரை நகர்ந்திருக்கும், பாகப்பிரிவினையில் உட்பிரிவு ஏறாமலே வரப்பு விழுந்திருக்கும். எந்த மதகு, எந்தக் கோயில் குளத்து மூலை, எந்த முச்சந்தி நூறு ஆண்டாக நகரவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரோடும் தலையாரியோடும் நடந்து பார்த்து, அந்த இடங்களில் ஜி.பி.எஸ். புள்ளி எடுத்துப் படத்தை இழுத்துப் பொருத்தவேண்டும்.

டெல்டாவில் இன்னொரு பெரிய தடை, வானம். சம்பா வளர்வதெல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ஒளியை நம்பும் துணைக்கோள் அந்த மூன்று மாதமும் மேகத்தின் முதுகைத்தான் படம் பிடிக்கும். பயிரைப் பார்க்கவேண்டிய நேரத்தில் படமே இல்லை என்ற நிலைமையை மாற்றியது ரேடார்.

2014 ஏப்ரலில் ஏவப்பட்ட சென்டினல்-1, ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைத் தானே அளக்கிறது. மேகம் மறைக்காது, இரவும் தடையில்லை. 12 நாளுக்கு ஒரு முறை அதே பாதையில் அதே வயலுக்கு மேல் வரும். நெல்லுக்கும் ரேடாருக்கும் இயற்கையாகவே ஒரு பொருத்தம் உண்டு. நடவுக்காகத் தண்ணீர் கட்டிச் சேறடித்த வயல் வழவழப்பான பரப்பு. மேலிருந்து சாய்ந்து வந்த அலை எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், துணைக்கோளுக்குத் திரும்பாது. படத்தில் வயல் கறுப்பாக விழும். நாற்று ஊன்றித் தூர் கட்டத் தொடங்கியதும் தண்டிலும் தண்ணீரிலும் அலை மோதி மோதித் திரும்பும். வயல் வாரத்துக்கு வாரம் வெளுக்கும். கதிர் வாங்கும் பருவத்தோடு ஏற்றம் நின்று, பிறகு மெல்ல இறங்கும். கறுத்து, வெளுத்து, மறுபடி மங்குகிற இந்தக் கோட்டைப் பார்த்தே நட்டது எந்த வாரம் என்று சொல்லிவிடலாம். அவர் தேடிய நடவுத் தேதி, கிராமம் கிராமமாக, மழைக்காலத்திலும் கையில் வந்தது. இந்தத் தொழிலில் தன் காலத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் என்று இதைத்தான் சொல்கிறார். சொல்லும்போது முகமே மாறிவிடுகிறது.

ஆனால் கடைமடையில் இந்தப் பாடம் அப்படியே செல்லாது. கீழ்வேளூர், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால், புழுதியிலேயே நேரடியாக விதைத்துவிடுவார்கள். சேறடிப்பு கிடையாது, தண்ணீர் கட்டுவதும் கிடையாது. மழையில் முளைத்து, பல வாரம் கழித்துத்தான் வயலில் தண்ணீர் நிற்கும். நடவு வயலுக்காக எழுதிய கணக்கு அந்தக் கறுப்புக் கட்டத்தைத் தேடும், காணாது, ‘நெல் இல்லை’ என்று முடிவுகட்டும். இல்லையென்றால் பயிருக்கு ஒரு மாத வயதான பிறகு நின்ற மழைத் தண்ணீரைப் பார்த்து, அன்றுதான் நட்டதாக எழுதும். அதே கடலோரத்தில் இறால் பண்ணைகளும் கறுப்பாகவே விழும். வேதாரண்யத்து உப்பளப் பாத்திகளும் அப்படித்தான். பண்ணை வெளுப்பதே இல்லை என்பதை வைத்து அதைக் கழித்துவிடலாம். நேரடி விதைப்புக்குத் தனிக் கணக்குத்தான் வழி. அதற்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் சில வயல்களை விதைப்பிலிருந்து அறுப்பு வரை பின்தொடரவேண்டும்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்து நுணுக்கமாக இருந்தது 2016 வரைக்கும். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிய முதல் ஆண்டும் அதுவே. அத்திட்டத்தில் மகசூல் இழப்பீடு தனி வயலுக்குக் கணக்கிடப்படுவதில்லை. ஒரு வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூல், நிர்ணயித்த அளவுக்கு எவ்வளவு கீழே போனதோ அந்த விகிதத்தில் அந்தக் கிராமத்தில் காப்பீடு செய்த எல்லோருக்கும். விதைக்கவே முடியாமல் போனால் அதற்குத் தனி விதி: பயிரிடும் பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் விதைப்பு நடக்காத கிராமத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம். எந்தக் கிராமத்தில் எவ்வளவு பரப்பு தரிசாகக் கிடந்தது என்ற கேள்விக்கு ரேடார் நேரடியாகப் பதில் சொல்லும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சுவிட்சர்லாந்தின் சார்மேப் நிறுவனம் ஆகியவை ‘RIICE’ என்ற திட்டத்தில் சில ஆண்டுகளாகச் செய்துவந்த நெல் வரைபட வேலை அந்த வறட்சியில் இழப்பீட்டு வேலைக்குக் கைகொடுத்தது.

விதைப்பைச் சொல்வது சுலபம். மகசூலைச் சொல்வது அப்படியல்ல. அதற்கு இன்றும் அடிப்படை, பயிர் அறுவடைப் பரிசோதனை. மகாலனோபிஸும் சுகாத்மேயும் எவ்வளவு பெரிய துண்டை அறுத்து எடைபோடுவது என்று வாதாடிய காலத்திலிருந்து வரும் முறை. அவர் இந்தப் பரிசோதனைகளுக்குத் துணை நின்று பார்ப்பதை ஒருபோதும் விட்டதில்லை.

தற்செயல் எண் அட்டவணை எந்தச் சர்வே எண்ணைக் காட்டுகிறதோ அந்த வயலுக்குத்தான் போகவேண்டும். ரோட்டோரமாக வசதியான வயலுக்கு அல்ல. தென்மேற்கு மூலையில் நின்று, அட்டவணை சொன்ன அளவுக்கு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து உள்ளே போய் முதல் முளையை அடிப்பார்கள். அங்கிருந்து ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம். நான்கு முளை, ஒரு கயிறு. மூலைவிட்டத்தைப் பிடித்துப் பார்ப்பதுதான் அவர் கண்ணாகப் பார்க்கிற இடம்: 7.07 மீட்டர் வரவேண்டும். வராவிட்டால் சதுரம் கோணியிருக்கிறது, முளையைப் பிடுங்கித் திரும்ப அடிக்கவேண்டும். கயிறு வயல் மட்டத்துக்கு இறங்கி, எல்லையில் நிற்கும் ஒவ்வொரு தூருக்கும் உள்ளேயா வெளியேயா என்று முடிவு சொல்லவேண்டும். அறுத்து, படுதா விரித்து அடித்து, தூற்றி, எடைபோட்டு, ஈரம் பார்த்து எழுதினால் ஒரு எண் கிடைக்கும். அந்தச் சதுரத்தில் ஒரு கிலோ கூடினாலோ குறைந்தாலோ ஹெக்டேருக்கு 400 கிலோ மாறும்; 60 கிலோ மூட்டையில் ஏக்கருக்கு இரண்டரை மூட்டைக்கு மேல். ஒரு வரிசைத் தூர்கள் கயிற்றுக்கு எந்தப் பக்கம் என்பதில் ஒரு கிராமத்தின் இழப்பீடு தொங்குகிறது. மேலிருந்து எடுத்த படத்தால் இதைச் சரிபார்க்க முடிவதும், எந்த வயல்களில் அறுத்தால் கிராமத்துக்குப் பிரதிநிதியாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதும் சாதாரணக் காரியமில்லை. 2023 காரிஃப் பருவத்திலிருந்து காப்பீட்டுத் திட்டத்திலேயே, நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூல் கணக்கில் குறைந்தது 30 சதவீத இடம் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்த 30 சதவீதத்தைப் பற்றி அவருக்குப் பெருமையும் உண்டு, கவலையும் உண்டு. கவலைக்குக் காரணம், கொரடாச்சேரிப் பக்கம் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி. “ஏம்மா, அவ்வளவு உயரத்துலேருந்து பார்த்தா கதிருக்குள்ள பால் பிடிச்சிருக்கா, பதரான்னு தெரியுமா?” தெரியாது ஐயா, என்றார் அவர். பெரியவர் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். பாதிக்கு மேல் பறந்துபோயிற்று.

பசுமைக் குறியீட்டின் வரம்பு இதுதான். பயிர் வயலை மூடிய பிறகு இலை எவ்வளவு கூடினாலும் எண் ஏறாது. முப்பது மூட்டை காணும் வயலும் நாற்பது மூட்டை காணும் வயலும் ஒரே பச்சையாக நிற்கும். யூரியா மிகுந்து போட்ட வயல் எல்லாவற்றையும்விடப் பச்சை. அதுதான் காற்றடித்தால் முதலில் சாயும், புகையான் முதலில் இறங்குவதும் அங்கேதான். 2021 ஜனவரியில் டெல்டாவில் பெய்த பருவம் தவறிய மழையில், அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்தது. முளை விட்ட வயல் படத்தில் பச்சையாகத்தான் இருக்கும். மகசூல் மாதிரிகள் இலைப் பரப்பு, வெப்பநிலை, சூரிய ஒளி, தண்ணீர் ஆகியவற்றிலிருந்து நெல்லின் எடையைக் கணக்கிடும்; பூக்கும் வாரத்தில் மழை மகரந்தத்தைக் கழுவிப் போனதைக் களத்துக்குப் போய் யாராவது சொன்னால்தான் கணக்கில் ஏறும்.

ஒரு பருவத்துப் பயிரைவிட, நிலத்தின் நிலையை அளப்பதில் இந்தத் தொழிலுக்கு நம்பகம் கூடுதல் என்பது அவர் முடிவு. வழி இதுதான்: ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொரு சம்பாவிலும் பசுமை எட்டிய உச்சத்தை எடுத்து, பல ஆண்டுப் படங்களை அடுக்கிப் பார்ப்பது. சில வயல்கள் எல்லா ஆண்டும் நன்றாக இருக்கும். சில ஏறி இறங்கும். அவை வாய்க்காலின் கடைசியில் கிடப்பவை, தண்ணீர் வந்த ஆண்டு விளையும். மூன்றாவது வகை எந்த ஆண்டும் தேறாதவை. தண்ணீரும் உண்டு, பக்கத்து வயலும் நன்றாக விளைகிறது, இது மட்டும் மங்கியே இருக்கிறது. அப்படி ஒரு கிராமத்தில், ரோட்டை ஒட்டி நாலைந்து வயல்கள் ஒரே கோட்டில் மங்கலாக விழுந்தன. போய்ப் பார்த்தால் அவை பக்கத்து வயல்களைவிட ஒரு முழம் பள்ளம். “செங்கச் சூளைக்கு மேல்மண்ண வித்துட்டாங்கம்மா, அதுலேருந்து எரு போட்டும் எந்திரிக்கல” என்றார் அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா. மண் போன ஆண்டு முதல் கோடு கீழே இறங்கியிருப்பது படங்களின் அடுக்கிலும் இருந்தது.

மண் வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. அதாவது கிட்டத்தட்ட ஒரு வேலிக்கு ஒரு பிடி மண். வேலிக்குள் மேட்டு வயலும் பள்ளத்து வயலும் உண்டு. பல ஆண்டுப் பசுமை வரைபடத்தை முதலில் போட்டு, எங்கே மங்குகிறதோ அங்கே மண் எடுத்தால் அதே செலவில் இரண்டு மடங்கு பயன் என்று அவர் பல கூட்டங்களில் வாதாடியிருக்கிறார்.

உப்பு விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. ஏப்ரல், மே படங்களில் கடலோர வயல்கள் வெள்ளையாகப் பூத்துத் தெரியும். மணலும் வெள்ளையாகத்தான் தெரியும். இரண்டையும் ஒரே வகையில் போட்டு ‘உப்பு பாதித்த நிலம்’ என்று அச்சடித்த வரைபடங்களை அவர் பார்த்திருக்கிறார். அதைவிடக் கெடுதலானது உவரையும் களரையும் ஒன்றாகக் கலப்பது. உவர் நிலத்தில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்கு மேல். நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் உப்பு கரைந்து இறங்கும். 2004 சுனாமியில் கடல் ஏறிய நாகை வயல்கள் பலவற்றில் அடுத்தடுத்த மழைகளே பெருமளவு உப்பைக் கழுவின. திருச்சிப் பக்கத்துக் களர் நிலத்தில் சோடியம் களிமண்ணோடு ஒட்டியிருக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேல், வெறும் தண்ணீரால் போகாது. ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, திருச்சி 3 போலக் களர் தாங்கும் ரகம் போடவேண்டும். வரைபடத்தில் நிறம் மாறினால் விவசாயி தவறான மருந்துக்குக் காசு கொடுப்பார். அதனால் மண்ணைக் கரைத்து மீட்டர் வைக்காமல் எந்தப் புள்ளிக்கும் அவர் பெயர் வைப்பதில்லை. வரப்பில் உப்பு மண்ணில் வளரும் உமரி முளைத்திருக்கிறதா என்றும் பார்ப்பார்.

இப்போது அவர் ஆர்வமெல்லாம் சம்பா அறுப்புக்குப் பிந்திய உளுந்தில். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்பது டெல்டாவின் பழைய முறை. பனியும் மண்ணில் மிச்சமுள்ள ஈரமும் போதும். அந்தப் பதம் சில நாள்தான் நிற்கும். முந்தினால் விதை அழுகும், பிந்தினால் முளைக்காது. மெஷின் அறுப்பு வந்த பிறகு சக்கரத் தடத்தில் முளைப்பு நசுங்குவதும் சேர்ந்துகொண்டது. எந்தக் கிராமத்தில் உளுந்து முளைத்தது, எங்கே முளைக்கவில்லை என்பது பிப்ரவரி, மார்ச் படங்களில் மேகமில்லாத வானத்தில் தெளிவாக வரும். அதற்கு முன்னாலேயே, ரேடார் தந்த நடவுத் தேதியோடு ரகத்தின் வயதைக் கூட்டி, எந்த ஊர் எந்த வாரம் அறுப்புக்கு வரும் என்று ஜனவரித் தொடக்கத்தில் ஒரு பட்டியல் போடுகிறார். எல்லோரும் ஒரே நாளில் விதைக்கு வந்து நிற்காமல், முதலில் அறுக்கும் ஊர்களுக்கு முதலில் உளுந்து விதை போய்ச்சேர, அந்தப் பட்டியலை வட்டாரத்து உதவி வேளாண் அலுவலர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கிறார். ரகத்தின் பெயரை மட்டும் அவர்கள் ஊருக்கு ஊர் விசாரித்துத் திருத்தி அனுப்பவேண்டும். அதைத் துணைக்கோள் சொல்லாது.